சைபர் குற்றவியல்

சைபர் குற்றவியல் என்பது கணினி, இணையம் வழி நடக்கும் குற்றங்களின் காரணங்களையும், குற்றம் புரிவோரின் நடத்தையையும், பாதிக்கப்பட்டோரின் நிலையையும் ஆராயும் துறை. ஊடுருவுபவருக்கும் காப்பவருக்கும் வேண்டிய திறன் பெரும்பாலும் ஒன்றே என்பதால், அனுமதியுடன் ஓட்டை தேடும் நெறிசார் ஹேக்கிங்கும் இத்துறையோடு தொடர்புடையது.

தோற்றம்
இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17இல் நடைமுறைக்கு வந்தது. இத்துறை அதன் பின்னரே தனிப்பெயர் பெற்றது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. ஜெய்சங்கர், 2007இல் இத்துறைக்கு இப்பெயரைச் சூட்டி, இதற்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழையும் தொடங்கினார். அவரது வெளிமாற்றக் கோட்பாடு 2008இல் ஒரு நூலின் அத்தியாயமாக வெளிவந்தது. நேர்வாழ்வில் தம் தகுதியும் மதிப்பும் கெடுமோ என அஞ்சி அடங்கியிருப்பவர், அடையாளம் மறையும் இணையவெளியில் குற்றம் செய்யத் துணியலாம் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று.

ஒரகடம், 2017
சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழித்தடம் இணையக் குற்றத்தின் தாக்கத்தை 2017 மே மாதம் நேரில் கண்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்ட வான்னகிரை நச்சுநிரல், மே 12 முதல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. ஒரகடத்தின் ரெனோ–நிசான் கார் ஆலையும் பாதிப்புக்குள்ளானது. அந்த நச்சுநிரல் நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெரும்பாலும் சிக்கின.

பரவலைத் தடுத்தவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேயர். யாரும் பதிவு செய்திராத ஓர் இணைய முகவரியை அந்த நிரல் தேடுவதைக் கவனித்து, ஏறத்தாழ 11 டாலருக்கு அதைத் தம் பெயரில் பதிவு செய்தார். முகவரியிலிருந்து பதில் கிடைத்ததும் நிரல் செயலற்றது. ஆனால் பதின்ம வயதில் வங்கித் திருட்டு நிரல் எழுதியதற்காக அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு, 2019இல் நீதிமன்றம் கூடுதல் சிறைத்தண்டனை விதிக்கவில்லை.

தடுப்பும் சட்டமும்
இளைஞர்கள் வழிமாறும் கட்டத்திலேயே தடுக்கலாம் என்பதற்கு 2019இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வு சான்று தருகிறது: இணையதளங்களை முடக்கித் தரும் கட்டணத் தாக்குதல் சேவைகளைத் தேடியவர்களுக்கு அது குற்றம் என்ற விளம்பரத்தைப் பிரிட்டன் காவல்முகமை காட்டிய மாதங்களில், அங்கே தாக்குதல்களின் வளர்ச்சி தேங்கியது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43 உரிமையாளரின் அனுமதியையும், பிரிவு 66 நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தையும் அளவுகோலாக்குகின்றன. பிந்தையதற்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே நல்லெண்ணத்தோடு ஓட்டை தேடுபவரும் முதலில் எழுத்துமூல அனுமதி பெறுவதே பாதுகாப்பு.