கொம்பிலிருந்து புழுவுக்கு: நீளக்கொம்பு வண்டுகளின் வகைப்பாட்டு வரலாறு

மாமரத்தின் அடித்தண்டைக் குடையும் பட்டோசெராவும், காபிச் செடியைத் துளைக்கும் சைலோட்ரெக்கஸும் செராம்பிசிடே என்னும் நீளக்கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்று 35,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. உடலைவிட நீண்ட உணர்கொம்பே இவற்றின் அடையாளம் என்று பாடநூல்கள் சொல்லும். வயலிலும் தோப்பிலும் வண்டை இனங்காண அது போதும். ஆனால் குடும்பத்தின் எல்லையை வகுக்கும் வேலையில் கொம்பு பலமுறை வழி தவறச் செய்தது. அந்த எல்லையை உறுதியாக்கியது மரத்துக்குள் கிடக்கும் புழுவின் தலையும் வாயும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் புழுவை ஆய்வு மேசைக்குக் கொண்டுவந்ததில் அருங்காட்சியகத்தாரைவிட, மரத்தையும் தோட்டத்தையும் பறிகொடுத்தவர்களுக்கே பெரும் பங்கு உண்டு.

லின்னேயஸ் 1758இல் செராம்பிக்ஸ், லெப்ச்சூரா, நெசிடாலிஸ் ஆகிய பேரினங்களில் இவ்வண்டுகளை அடக்கினார். லாட்ரேய் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பமாக்கினார். ஓதினே-செர்வில் 1830களில் பேரினங்களைப் பிரித்தார். 1869க்கும் 1872க்கும் இடையே வெளியான லாகோர்தேரின் தொகுதிகளில்தான் தெளிவான மூன்று முகாம்கள் உருவாயின: பிரியோனஸ் வகை, செராம்பிக்ஸ் வகை, லாமியா வகை. அவர் வெறும் கொம்பை நம்பியவரல்லர். லாமியா வகையின் தலை செங்குத்தாகக் கீழ்நோக்கியிருக்கும்; முன்கால் உட்புறத்தில் ஒரு பள்ளம் ஓடும்; வாயருகேயுள்ள உணரிகளின் கடைசிக் கணு கூராக முடியும். இவையெல்லாம் இன்றும் செல்லுபடியாகும் அடையாளங்கள். பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதிக்காக கேஹன் 1906இல் எழுதிய நூலும் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்த வளர்ந்த வண்டுகளைக் கொண்டே எழுதப்பட்டது. இந்திய இனங்களை அடையாளங்காண இன்றும் முதலில் புரட்டப்படும் நூல் அதுவே.

இம்முறையின் பலவீனம் ஓரங்களில் வெளிப்பட்டது. பரான்ட்ரா என்னும் பழுப்பு வண்டுக்கு மணிமாலை போன்ற குட்டைக் கொம்பு. 1883இல் லெகான்ட்டும் ஹார்னும் அதை ஸ்பான்டிலிஸ் என்னும் இன்னொரு குட்டைக்கொம்பனோடு சேர்த்துத் தனிக் குடும்பமாக வைத்தனர். இன்று பரான்ட்ரா பிரியோனஸ் வகைக்கு அருகிலும், ஸ்பான்டிலிஸ் ஊசியிலை மரங்களில் வாழும் அசீமம் வகையோடும் வைக்கப்படுகின்றன. இரண்டுக்கும் நெருங்கிய உறவே இல்லை. பிரேசிலின் ஹைப்போசெபாலஸ் அதைவிடச் சிக்கலானது. பருத்த பின்னங்கால்களும் குனிந்த பெருந்தலையுமாகப் பிள்ளைப்பூச்சியைப் போலிருக்கும் அதை 1832இல் தெமரே விவரித்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அது எந்தக் குடும்பத்தில் அடங்கும் என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டார்கள்.

தோட்டக்காரருக்கும் வனக்காவலருக்கும் கண்ணில் படுவது பெரும்பாலும் வண்டு அல்ல, புழுதான். சைலோட்ரெக்கஸ் குவாட்ரிப்பெஸ் என்று ஷெவ்ரோலா 1863இல் பெயரிட்டுவிட்டார். ஆனால் குடகிலும் நீலகிரியிலும் காபி பட்டுப்போனதற்கு அந்தப் பெயரால் எந்த விளக்கமும் கிடைக்கவில்லை. பட்டை வெடிப்பில் முட்டையிடுவது, உள்ளே போன புழு தான் குடைந்த வழியைத் தூளால் இறுக அடைத்துக்கொண்டே முன்னேறுவது, தண்டில் வரம்பு தட்டி இலை மஞ்சளாவது என்னும் சங்கிலி தெரிந்தால்தான் எதையும் செய்ய முடியும். மருத்துவர் ஜார்ஜ் பிடி காபித் துளைப்பானைப் பற்றி 1869இல் சென்னையில் வெளியிட்ட அறிக்கை அந்தத் தேவையில் பிறந்தது. பிரான்சின் லாண்ட் பகுதிப் பைன் காடுகளில் பெரி செய்த ஆய்வு 1877இல் வண்டுப் புழுக்களைப் பற்றிய நூலாயிற்று. 1906இல் தொடங்கிய டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கார்ட்னர் இந்திய வண்டுகளின் புழுக்களை ஒவ்வொன்றாக விவரித்தார். சால் மரத் துளைப்பான் 1920களில் மத்திய மாகாணக் காடுகளை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. வட அமெரிக்கப் புழுக்களைப் பற்றி 1923இல் கிரெய்க்ஹெட் எழுதிய நூல், புழுவை மட்டும் வைத்தே துணைக்குடும்பங்களைப் பிரிக்க முடியும் என்று காட்டியது. செராம்பிக்ஸ் வகைப் புழுவின் தாடை நுனி உளிபோல் வட்டமாயிருக்கும். லெப்ச்சூரா வகையில் அது சாய்வாக வெட்டியதுபோல் இருக்கும். லாமியா வகைப் புழுவுக்குக் காலே கிடையாது. தலை அகலத்தைவிட நீளம் அதிகம். லாகோர்தேர் ஒன்றாக வைத்த செராம்பிக்ஸும் லெப்ச்சூராவும் இதனால்தான் பிரிந்து நின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. மரத்துக்குள் வாழும் எந்தப் புழுவும் ஒரே நெருக்கடிக்கு ஆளாவதால் வடிவம் ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையை உறவாகக் கொள்வது கொம்பை நம்பிய பிழையின் மறுபதிப்பு என்பார்கள். வாழிடம் வடிவத்தை மாற்றும் என்பது உண்மையே. ஆனால் டார்காடியன் வகை வண்டுகளின் புழுக்கள் மரத்தில் வாழ்வதில்லை. மண்ணுக்குள் புல்வேரைத் தின்கின்றன. அப்படியிருந்தும் காலற்ற உடலும் நீண்ட தலையும், அதே லாமியா வகையைச் சேர்ந்த மாமரத் துளைப்பானின் புழுவோடு பொருந்துகின்றன. மத்தியதரைக் கடலோரத் திராட்சைத் தோட்டங்களில் வேரைத் தின்னும் வெஸ்பெரஸ் புழுவும் மண்வாசியே. அதுவோ நல்ல கால்களுடன் கட்டையாக இருக்கிறது. வாழிடம் ஒன்றானாலும் உடல் வேறு; வாழிடம் வேறானாலும் தலை ஒன்று. இந்த இருதலைச் சான்றுக்கு வாழிட விளக்கம் ஈடுகொடுக்காது. லாகோர்தேரின் பெரும் பிரிவுகள் நிலைத்துவிட்டனவே, புழு என்ன மாற்றியது என்போரும் உண்டு. நடுப்பகுதி நிலைத்தது மெய்; மாறியது எல்லை. வகைப்பாட்டில் சண்டை எப்போதும் எல்லையில்தான்.

1980களின் இறுதியில் ஸ்வாகாவும் தனிலெவ்ஸ்கியும் புழுக்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு வெஸ்பெரிடே, டிஸ்டெனிடே, ஆக்சிபெல்டிடே ஆகியவற்றைத் தனிக் குடும்பங்களாக்கினர். ஹைப்போசெபாலஸ் இன்று வெஸ்பெரிடேயில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு, இவை நீங்கிய செராம்பிசிடே ஒரே மூதாதையின் வழித்தோன்றல் என்ற முடிவை ஆதரித்தது. புழுவின் வாயைப் பார்த்து வரைந்த கோட்டுக்கு இது தனிச் சான்று. எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட லாமியினே துணைக்குடும்பத்துக்குள் உள்ள கிளைப்பிரிவுகள் இன்னும் பெரும்பாலும் வளர்ந்த வண்டின் தோற்றத்தை நம்பியே நிற்கின்றன. இக்குடும்ப வகைப்பாட்டில் மிகுந்த குழப்பம் நிலவுவதும் அங்கேதான்.