தீப்பொறி தெறிக்கும் தருணம்

கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து விளையும் தம்பலகாமத்து வயல்வெளிக்கும், சீனன்குடாவில் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் இடையே தொலைவு அதிகமன்று. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காக எழுந்த அத்தாங்கிகளுள் ஒன்று, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது தீக்கிரையாயிற்று. எஞ்சியவை 99. 2022இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்காக மக்கள் வரிசையில் நின்ற வேளையில் இவற்றுட் பெரும்பாலானவை பயனின்றிக் கிடந்தன. வயற்புறத்திலோ எரிபொருளுக்குக் குறைவில்லை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உமி. ஆலைகளின் பின்புறம் அது குன்று குன்றாகக் குவிகிறது.

உமியையோ விறகையோ கரியையோ போதிய காற்று விடாமல் எரித்தால், எரியக்கூடிய வாயு ஒன்று பிறக்கும். அதனைக் குளிர்வித்துத் தூய்மை செய்து இயந்திரத்திற்கு ஊட்டலாம் என்பது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அறியப்பட்ட செய்தி. ஆனால், வாயு கிடைத்துவிட்டால் மட்டும் இயந்திரம் செவ்வனே ஓடாது. உருளைக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் தெறிக்க வேண்டும் என்பதைக் கண்டறிவதே கடினமான காரியம்.

பொறி பட்டவுடன் வாயு முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. சுவாலை பரவச் சிறிது நேரம் செல்லும். ஆதலால் ஆடுதண்டு, அதாவது பிஸ்டன், உச்சியை அடையுமுன்பே பொறி தெறிக்க வேண்டும். மிக முந்தினால், மேலேறி வரும் ஆடுதண்டை எரிந்த வாயு எதிர்த்துத் தாக்கும். இயந்திரம் சம்மட்டி கொண்டு அடிப்பதுபோல் ஒலிக்கும். பிந்தினால், வெப்பம் வேலை செய்யாமலே புகைவழியில் வெளியேறும், வால்வு கருகும். நிமிடத்திற்கு 1500 முறை சுழலும் இயந்திரத்தில் சுழற்சியின் ஒரு பாகை என்பது ஒரு விநாடியின் 9000இல் ஒரு பங்கு. மனிதர் கணக்கிட வேண்டியிருந்த நுட்பம் அத்தகையது.

1860இல் பாரிசில் லெனுவார் செய்த வாயு இயந்திரம் மின்பொறியால் இயங்கிற்று. ஆனால் அது வாயுவை அமுக்குவதில்லை. எனவே எரிபொருளை வாரி விழுங்கிற்று. 1876இல் செர்மனியரான ஒட்டோ, வாயுவை அமுக்கிப் பின் கொளுத்தும் நான்கடி இயந்திரத்தை அமைத்தார். அவர் மின்னை நம்பவில்லை; நகரும் தகடு ஒன்றின் வழியாகச் சிறு சுவாலையை உள்ளே கொண்டு சென்றார். பின்னர் வந்தது செந்தழலாகக் காய்ச்சிய குழாய். அதைச் சூடாக்கும் விளக்கை உருளையின் பக்கம் நகர்த்தினால் வாயு முந்தித் தீப்பற்றும், விலக்கினால் பிந்தும். அந்நாளில் தருணம் திருத்துவது என்பது விளக்கை நகர்த்துவதே! 1887இல் ரொபர்ட் பொஷ் நிலையான இயந்திரங்களுக்கென மக்னீற்றோ செய்தளித்த பின்னரே மின்பொறி நம்பத்தக்கதாயிற்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறிஞ்சு வாயு இயந்திரங்கள் இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தன. தொழிற்சாலைகளை ஓட்டிய பழைய இயந்திரங்கள் சிலவற்றைக் கண்டி அந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

அக்கால இயந்திரங்களில் பொறிக்குரிய தருணத்தை அமைத்த முறை அறியத்தக்கது. முதலில் ஆடுதண்டு உச்சியில் நிற்கும் நிலையைக் காண வேண்டும். அது எளிதன்று; உச்சியை நெருங்கும்போது பெருஞ்சில்லு பல பாகை திரும்பினாலும் ஆடுதண்டு அசைவதாகவே தோன்றாது. ஆகவே, உச்சிக்குச் சற்றுக் கீழே ஓர் அளவைக் குறித்துக்கொள்வர். ஆடுதண்டு ஏறும்போது அவ்வளவைத் தொடும் இடத்தில் சில்லின் விளிம்பில் ஒரு கோடு. இறங்கும்போது அதே அளவைத் தொடும் இடத்தில் மற்றொரு கோடு. இரண்டிற்கும் நடுவே உள்ளதே உண்மையான உச்சி. பள்ளிக்கூடத்துக் கேத்திரகணிதம் எண்ணெய்க் கறை படிந்த கைகளில் இவ்வாறு உயிர் பெற்றது. அங்கிருந்து முன்னோக்கிப் பாகைகளை அளந்து, பொறி தெறிக்கும் இடத்தைப் பொருத்துவர். இயந்திரத்தைத் தொடக்கும்போது மட்டும் பொறியைப் பின்தள்ளி வைப்பர். இல்லையேல் சில்லு எதிர்ப்புறம் உதைத்துத் திரும்பும். வேகம் ஏறிய பிறகு நெம்புகோலை மெல்ல முன்தள்ளுவர். செவியே அவர்களுக்கு அளவுகோல்.

இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் அரிதாகவே, சென்னை மாகாணத்தில் பேருந்துகள் கரிவாயுவால் ஓடின. மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் அதற்கான வாயுக்கலங்களைச் செய்தது. அவ்வண்டிகள் ஏற்றத்தில் திணறின. வலிமை குன்றிய வாயு மெல்லத்தான் எரியும், எனவே பொறியை வெகுவாக முன்தள்ள வேண்டும் என்ற கருத்து ஊன்றிற்று. அமுக்க விகிதம் 12ஐத் தாண்டினால் இயந்திரம் இடிக்கும் என்ற அச்சமும் நெடுநாள் நிலவிற்று.

இவற்றைச் சோதித்துப் பார்த்தவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர். சிறீதர், பால், முகுந்தா ஆகியோர் டீசல் இயந்திரம் ஒன்றில் எண்ணெய் பீச்சும் பகுதியை அகற்றி, அவ்விடத்தில் தீப்பொறிச் செருகியைப் பொருத்தினர். விறகிலிருந்து பெற்ற வாயுவை ஊட்டி, அமுக்க விகிதத்தை 17 வரை உயர்த்தினர். 2001இல் வெளியான அவர்கள் முடிவின்படி, இயந்திரம் இடிக்கவில்லை. சிறந்த தருணம் உச்சிக்கு 6 முதல் 10 பாகை வரையே முன்னர் இருந்தது. விறகு வாயுவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு ஐதரசன். அது சுவாலையை விரைந்து பரப்புகிறது. உலர்ந்த கரியிலிருந்து வரும் வாயுவில் ஐதரசன் குறைவு என்பதால், போர்க்காலத்து ஓட்டுநர் கருத்தை முற்றும் பிழை என்று தள்ளுதல் நியாயமாகாது. அவர்கள் வாயு வேறு, இவ்வாயு வேறு.

உமி இவ்விரண்டினும் தொல்லை மிக்கது. அதன் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு சாம்பலாகவே எஞ்சும், தாரும் மிகுதி. தார் செருகியில் படிந்தால், எத்துணை நுட்பமாகக் கணித்த தருணத்திலும் பொறி தெறிக்காது. இருப்பினும், 2007ஆம் ஆண்டளவில் பீகாரின் தம்குகா கிராமத்தில் உமிவாயுவால் மின்விளக்குகள் எரியத் தொடங்கின. தம்பலகாமத்தைப் போன்றே அதுவும் நெல் விளையும் நாடு. அங்கு வாயுவைக் கழுவி வடிகட்டுவது பொறியின் பாகைகளை அமைப்பதைப் போன்றே அன்றாட வேலையாயிற்று.