அரபுக் குதிரையின் உயரமும் எடையும்

வளர்ந்த அரபுக் குதிரை பொதுவாக 145 முதல் 155 சென்டிமீட்டர் உயரமும் 360 முதல் 450 கிலோ எடையும் இருக்கும். குதிரையின் உயரத்தில் தலையும் கழுத்தும் சேராது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டிலிருந்து தரைவரை அளப்பதே வழக்கம். குதிரைக்காரர்கள் 4 அங்குலத்தை ஒரு ‘கை’ என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் அரபுக் குதிரை 14 கை 1 அங்குலம் முதல் 15 கை 1 அங்குலம் வரை வரும். 14 கை 2 அங்குலத்துக்குக் குறைந்தவை மட்டக்குதிரை என்பது பரவலான வரம்பு. அரபு இனத்துக்கு அது பொருந்தாது. குட்டையாக இருந்தாலும் அது குதிரையாகவே கொள்ளப்படும்.

இந்த உடலை வார்த்தது அரேபியப் பாலைவனம். மழைக்குப் பின் கொஞ்ச காலமே புல் இருக்கும். மற்ற நாள்களில் பெதோயின் நாடோடிகள் தங்கள் குதிரைகளுக்கு ஒட்டகப் பாலும் பேரீச்சம்பழமும் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பெருத்த உடம்புக்கு அந்தத் தீனி போதாது. கொள்ளைக்குப் புறப்படும்போது ஒட்டகத்தில் ஏறி, பெட்டைக் குதிரையைப் பக்கத்தில் நடத்திச் செல்வார்கள். எதிரியின் கூடாரங்களை நெருங்கிய பிறகுதான் அதன்மேல் ஏறுவார்கள். குறைந்த எடை, அடர்ந்த எலும்பு, குறுகிய முதுகு ஆகியவற்றால் 400 கிலோ குதிரை ஆயுதம் தாங்கிய ஆளைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் ஓடியது. மற்ற குதிரைகளுக்கு 18 இணை விலா எலும்புகள் இருக்க, அரபுக் குதிரைகள் சிலவற்றுக்கு 17 இணைதான்.

பாண்டிய நாட்டுக் காயல் துறைக்கு 13ஆம் நூற்றாண்டில் அரேபியக் கரையிலிருந்து ஏராளமான குதிரைகள் கப்பலில் வந்தன. ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். பெரும் பணம் புரண்டதில் ஐயமில்லை. உயரத்தைப் பற்றி மார்க்கோ போலோ சொல்வதுதான் இங்கே முக்கியம். நல்ல சாதிப் பெட்டையையும் நல்ல பொலிகுதிரையையும் சேர்த்தாலும் இந்த மண்ணில் பிறப்பது கால் கோணிய, ஏறிச் செல்ல உதவாத சின்னக் குட்டிதான் என்கிறார் அவர். குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும், நோய் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவை மடிந்தன என்றும் குறிப்பிடுகிறார். பாலைவனத்தில் பஞ்சத்தைத் தாங்கிய இனம் இங்கே பொருந்தாத தீனியாலும் பராமரிப்புக் குறையாலும் அழிந்தது வருந்தத்தக்கது. பாண்டியர்கள் ஆண்டுதோறும் புதிதாக வாங்கவேண்டியிருந்ததற்கும் இதுவே காரணம். விஜயநகர அரசர்களும் பாரசீக வளைகுடாவின் ஓர்முஸ் துறைக் குதிரைகளையே பெரிதும் நம்பியிருந்தார்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு. அலெப்போவில் வாங்கிய ‘டார்லி அரேபியன்’ 1704இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. இன்றைய பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவை தந்தைவழியில் அதன் வாரிசுகள். நல்ல மேய்ச்சலும் தேர்ந்தெடுத்த இனக்கலப்பும் அவற்றை 16 கை உயரத்துக்கும் சுமார் 500 கிலோ எடைக்கும் வளர்த்துவிட்டன. நெப்போலியன் ஏறியதாகச் சொல்லப்படும் அரபுக் குதிரை மாரெங்கோவின் எலும்புக்கூடு லண்டனில் உள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் நிற்கிறது; அதன் உயரம் 14 கை 1 அங்குலம்தான்.

19ஆம் நூற்றாண்டில் பஸ்ராவிலிருந்து பம்பாய்க்கு அரபுக் குதிரைகள் வந்தவண்ணம் இருந்தன. பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் பம்பாயில் வாங்கிய வோனோலெல் என்ற சாம்பல்நிறக் குதிரை இருபது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் இருந்தது. ஆப்கன் போரில் பணியாற்றியதற்காக விக்டோரியா அரசி அதற்குப் பதக்கங்கள் அளித்தார். ஆனால் சேணமும் ஆயுதமும் மூட்டையுமாகச் சாதாரணக் குதிரைவீரன் 100 கிலோவைத் தாண்டினான். அந்தச் சுமைக்குக் கனத்த உடல் வேண்டும் என்று ராணுவம் கருதியது. ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ‘வேலர்’ குதிரைகள் சென்னைத் துறைமுகத்திலும் கல்கத்தாவிலும் வந்து இறங்கின. படைக்காக அரபுக் குதிரை வாங்குவது படிப்படியாகக் குறைந்தது.