நீர்க்கோல் சாளரத் துப்புரவு

ஏணியின் துணையின்றித் தரையில் நின்றவாறே, நுனியில் தூரிகை பொருத்திய நீண்ட கோலின் வழியே சுத்த ஜலத்தைச் செலுத்திக் கண்ணாடிச் சாளரங்களைக் கழுவும் இம்முறை, உயரத்தில் செய்யும் வேலைகளுக்கான 2005ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் பிரிட்டனில் பெரிதும் பிரசித்தி பெற்றது. இதன் ஜீவநாடி கோலன்று, நீரே. லண்டன் போன்ற கடின நீர்ப் பிரதேசங்களில் குழாய் நீர் உலர்ந்ததும் சுண்ணாம்பு வெண்புள்ளிகளாய்ப் படியுமாதலால், எதிர்ச்சவ்வூடுபரவல் வடிகட்டியிலும் பின்னர் அயனி நீக்கும் பிசினிலும் செலுத்தி, கரைந்த உப்பின் அளவு பூஜ்யமென மானி காட்டும்வரை அதைச் சுத்திகரிப்பர். தொழிலில் புதிதாகப் பிரவேசிப்பவர், முதலில் சட்டத்தின் மேல்விளிம்பைத் தேய்த்து, அங்கே தேங்கிய அழுக்கு வடிந்து தீர்ந்தபின் கண்ணாடியைத் தேய்த்து, மேலிருந்து கீழாக அலசி, துடையாமல் உலரவிட வேண்டும். முதன்முறை கழுவும் வீட்டில் சட்டத்து அழுக்கு மறுபடியும் சொட்டிக் கறைபடுத்துவது சகஜமாகையால், அங்கு இருமுறை கழுவுவதே உத்தமம்.