முறிந்த காலும் மரக்கூண்டும்



"மலருக்கு வரலாறு பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று விழாக்குழுவினர் கேட்டார்கள். செஞ்சிக்காரன் என்பதால் தேசிங்குராஜன் கதையை எதிர்பார்த்திருப்பார்கள். நான் சொல்ல வந்ததோ ஒரு குரங்கில் தொடங்குகிற வரலாறு.

பள்ளி நாட்களில் ராஜகிரி அடிவாரத்தில் கால் முறிந்த குரங்கு ஒன்றைக் கண்டோம். எப்படியோ பிடித்து, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டிவிட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தால் கட்டைப் பல்லால் பிய்த்துப் போட்டிருந்தது. "காட்டு ஜீவனுக்கெல்லாம் வைத்தியம் பண்ண முடியாதுடா" என்றார் அங்கிருந்த பெரியவர். வெகுகாலம் நானும் அப்படியே நம்பினேன்.

முடியும் என்று காட்டியவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். காட்டு விலங்கு வைத்தியத்தில் முதல் சிக்கல், கிட்டே போவதுதான். நியூசிலாந்தின் காலின் மர்டாக் 1950-களில் உருவாக்கிய மயக்க ஊசித் துப்பாக்கி அந்தத் தூரத்தைக் குறைத்தது. அடுத்த சிக்கல், மயக்கம் தெளிந்த பிறகு என்ன செய்வது?

அதற்கு விடை முதுமலையில் கிடைத்தது. மனிதர்கள் பலரைக் கொன்ற மக்னா யானை ஒன்றைக் கேரளத்தில் சுட உத்தரவாகியிருந்தது. 1998-ல் அது கூடலூர்ப் பக்கம் வந்தபோது, 'யானை டாக்டர்' வி. கிருஷ்ணமூர்த்தியும் வனத்துறையினரும் அதை உயிரோடு பிடித்தார்கள். உடம்பெல்லாம் குண்டுக் காயங்கள். தெப்பக்காட்டில் 'கரால்' என்னும் மரக்கூண்டில் அடைத்தார்கள். தடித்த மரங்களைக் குறுக்கே செருகிய கூண்டு அது. யானை உள்ளே அதிகம் நடமாட முடியாது. ஆனால் மரங்களின் இடைவெளி வழியே காயத்துக்கு மருந்து போடலாம். காட்டு யானையைப் பணிய வைக்கச் செய்த கூண்டு, அதற்கே ஆஸ்பத்திரிக் கட்டிலாயிற்று. ஆறிய யானைக்கு டாக்டரின் பெயரையே சுருக்கி மூர்த்தி என்று வைத்தார்கள். டாக்டர் 2002-ல் மறைந்தார். மூர்த்தி 2024 வரை வாழ்ந்தான். தெப்பக்காட்டில் நான் பார்த்தபோது சாதுவாக நின்றுகொண்டிருந்தான். "குழந்தை மாதிரி சார்" என்றார் பாகன்.

வெளியுலகிலும் முயற்சிகள் நடந்தன. தாய்லாந்தில் மோஷா என்ற குட்டியானை 2006-ல் கண்ணிவெடியில் கால் இழந்தது. செயற்கைக்கால் பொருத்தினார்கள். யானை வளர வளரக் கால் சிறுத்துப்போகும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்தார்கள். நாகபுரியில் பொறியில் சிக்கிப் பாதம் இழந்த சாகேப்ராவ் என்ற புலிக்கு 2020 ஜனவரியில் செயற்கைக்கால் மாட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் புலி அதை உதறித் தள்ளிவிட்டது!

அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் செஞ்சிக் குரங்குதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் கட்டியது எலும்புக்கு ஏற்ற கட்டு. குரங்குக்கு ஏற்ற கட்டு அல்ல. மனிதனிடம் "அசையாதீங்க" என்று சொல்லலாம். விலங்கிடம் அதைச் சொல்ல வேண்டியது கருவிதான். கரால் அதைச் சொன்னது, அதனால் வென்றது.

இயந்திரமும் கணிப்பொறியும் படிக்கிற தம்பி தங்கைகளே, அடிபட்ட விலங்கைக் கண்டால் எங்களைப் போலக் கையால் பிடிக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்கு வந்து, அது பிய்க்காத ஒரு கட்டை எப்படிச் செய்யலாம் என்று யோசியுங்கள். அந்தக் குரங்குக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை.