கருவாட்டின் ஊட்டச்சத்து (வடசென்னை)

கருவாடு என்பது வெயிலாலோ உப்பாலோ, இரண்டாலுமோ நீர் வற்றச் செய்து காய வைத்த மீன். சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கரையில் விலைபோகாமல் மிஞ்சிய மீனும், உலர்த்துவதற்கென்றே ஒதுக்கிய பொடிமீனும் கருவாடாகின்றன. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் செறிந்த, குறைந்த செலவில் கிடைக்கும் உணவு இது. இதன் ஊட்ட அளவு மீனின் இனத்தைப் பொறுத்ததைவிட, அது உலர்ந்த முறையையும் ஏறிய உப்பின் அளவையும் பொறுத்தே அமைகிறது.

வரலாறு

மீனை அறுத்துக் காய வைக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. நெய்தல் திணைப் பாடல்களில் மணலில் உலரும் மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுவது பரதவர் மகளிரின் வேலை. நற்றிணையின் 45-ஆம் பாடலில் உலர்வது சுறாமீன். உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணரையும் சங்க நூல்கள் பேசுகின்றன.

பிற்கால வரலாறு பெரும்பாலும் உப்பின் வரலாறு. 1805 முதல் மதராஸ் மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. எண்ணூரை நகரத்தோடு இணைத்த கால்வாயை பேசில் காக்ரேன் 1806-இல் வெட்டினார். பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் பகுதியான அதன் வழியே உப்புப் படகுகள் ஓடின. நகரின் உப்புக் கிடங்குகள் இருந்த இடம் ‘சால்ட் கோட்டர்ஸ்’ என்ற பெயரில் ரயில் சரக்கு நிலையமாக நிலைத்தது. ஆனால் உப்பளத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்த மீனவருக்கு உப்பு எட்டாத விலையில் இருந்தது. வரி கட்டி வாங்கிய உப்பை மலிவான மீனுக்கு இட்டால் கட்டுப்படியாகாது. எனவே சிலர் உப்பில்லாமல் வெயிலில் மட்டும் காயப் போட்டனர், சிலர் கழிமுகத்து உவர்மண்ணைச் சுரண்டிப் பயன்படுத்தினர், அது குற்றம்.

இந்தக் குறையை அரசின் பார்வைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் டே. மருத்துவராக வந்து மீன்வளத் தலைமை ஆய்வாளரான இவர், 1873-இல் வெளியிட்ட அறிக்கையில் கடல்மீன் தொழிலின் நிலையை விரிவாகப் பதிவு செய்தார். அந்தக் காலத்தை ஒட்டி மாகாணத்தின் கரை நெடுக மீன் பதனிடும் வளாகங்கள் திறக்கப்பட்டன. உப்பு அங்கே வரியில்லாமல் கிடைத்தது. மீனை வளாகத்துக்குள்ளேயே உப்பிட்டு உலர்த்த வேண்டும் என்பது நிபந்தனை.  1905-இல் மீன்வள விசாரணையைத் தொடங்கிய சர் பிரடெரிக் நிக்கல்சன் ஜப்பானிய, ஐரோப்பிய முறைகளை ஆராய்ந்தார். 1907-இல் அமைந்த மதராஸ் மீன்வளப் பணியகம் மலபார் கரையின் தானூரில் பதனிடும் சோதனைகளை நடத்தியது. 1947-இல் உப்பு வரி நீங்கியபின் வளாகங்களுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

ஊட்டச்சத்தை அளக்கும் வேலை தொடங்கியது குன்னூரில். அங்கிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937-இல் வெளியிட்டார். அக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

வகைகள்

பதப்படுத்தும் முறையை வைத்துக் கருவாட்டை நான்காகப் பிரிக்கலாம்.

1. வெயில் கருவாடு: நெத்திலி, காரப்பொடி, சென்னாகுனி போன்ற பொடிவகைகள். குடல் நீக்காமல் முழுதாகவே காய்பவை. உப்பு இல்லை, அல்லது மிகக் குறைவு.

2. உப்புக் கருவாடு: வஞ்சிரம், பாறை, சுறா, திருக்கை முதலியன. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, கல்லுப்பு திணித்து, தொட்டியில் ஊறவிட்டு, பிறகு வெயிலில் போடப்படும்.

3. குழிக் கருவாடு: உப்பிட்ட மீனை ஓலைப்பாயில் சுற்றி மண்ணில் புதைத்து எடுப்பது. தென்மாவட்டக் கரைகளுக்கு உரியது. ஈரம் மிகுதி, நாள்படத் தாங்காது.

4. கொழும்புப் பதம்: கானாங்கெளுத்தியை உப்போடு குடம்புளியும் வைத்துப் பீப்பாயில் அடைப்பது. மேற்குக் கரையிலிருந்து இலங்கைக்குப் போனது.

மாலத்தீவின் மாசியை அவித்துப் புகையூட்டி உலர்த்துவதால் அது இவற்றில் சேராது.

சத்துகள்

பச்சை மீனில் நீர் 70 முதல் 80 விழுக்காடு. புரதம் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டியது. நன்கு உலர்ந்த வெயில் நெத்திலியில் புரதம் 60 கிராமை நெருங்கும். புதிதாகப் புரதம் ஏதும் சேர்வதில்லை. நீர் வெளியேறியதால் செறிவு கூடுகிறது. 60 கிராம் புரதமும் 6 கிராம் கொழுப்பும் உள்ள கருவாடு ஏறக்குறைய 294 கிலோகலோரி தரும். மாவுச்சத்து அநேகமாக இல்லை. நெத்திலியை முள்ளோடு உண்பதால் 100 கிராமில் 1,000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கிடைக்கிறது. தாவர உணவில் கிடைக்காத வைட்டமின் பி12-உம் உண்டு. மத்தி போன்ற எண்ணெய் மீன்களின் ஒமேகா-3 கொழுப்பு, வெயிலும் காற்றும் பட்டுச் சிக்கு வாடையடித்துக் குறையும்.

சுறாக் கருவாட்டின் புரத எண்ணை அப்படியே கொள்ளக் கூடாது. ஆய்வகங்கள் நைட்ரசனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுகின்றன. சுறா, திருக்கை ஆகியவற்றின் தசையில் யூரியா மிகுதி. அதன் நைட்ரசனும் புரதக் கணக்கில் ஏறிவிடுகிறது. உலரும்போது எழும் அம்மோனியா நெடிக்கும் யூரியாவே காரணம். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால்சுறா கொடுப்பது பால் சுரக்கும் என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம்.

உப்பு

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. 100 கிராமில் 20 கிராம் உப்புள்ள கருவாட்டில் சோடியம் சுமார் 7,900 மில்லிகிராம். அதில் 25 கிராம் துண்டே நாளின் அளவை முடித்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசினால் உப்பில் ஒரு பங்கு போகும். வடசென்னை வீடுகளில் கருவாட்டுக் குழம்புக்குக் கடைசியில் உப்புப் பார்த்துப் போடுவது, மீதி உப்பு குழம்பில் இறங்குவதால்தான்.

பதப்படுத்திய இறைச்சி வகைகளில் உப்போடு நைட்ரைட்டும் சேர்வது வழக்கம். வடசென்னையின் மரபான கருவாட்டில் உப்பும் வெயிலும் மட்டுமே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்ற முதல் பிரிவில் வைத்தது. அதே பிரிவில் உள்ள உப்புமீன் சீனமுறையில் செய்தது. தமிழகக் கருவாடு அல்ல.

இன்றைய நிலை

நெகிழிப் பைகளில் அடைத்த கருவாடு கடைகளிலும் இணையத்திலும் விற்கிறது; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தேவை கூடும். 2020-ஆம் ஆண்டின் உணவுச் சிட்டை விதிகள், ஊட்ட விவரம் அச்சிடும் பொட்டலங்களில் சோடியத்தையும் காட்டச் சொல்கின்றன.  காசிமேட்டில் கூடையிலிருந்து எடைபோட்டு வாங்கும் கருவாட்டுக்குச் சிட்டை கிடையாது.