“நான் யார்?” என்னும் வினா பிறந்த வரலாறு

1879ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 5ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் சிவபதமடைந்தார்கள். அதே மாதம் 30ஆந் திகதி, பாண்டிநாட்டுத் திருச்சுழியிலே, சுந்தரமையர் என்னும் வக்கீலின் இல்லத்தில் ஓர் ஆண்மகவு பிறந்தது. வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியது அக்குழந்தையையே. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று கூற நான் வரவில்லை. ஆயினும் இருவருக்கும் பொதுவானவை சில உள. இருவரும் மிஷன் பாடசாலையிலே கற்றவர்கள். இருவரும் பைபிளை அறிந்தவர்கள். இருவரும் பெரியபுராணத்தில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்கள். மிஷன் கல்லூரியொன்றிலே படித்து வந்த எனக்கு இவ்வொற்றுமை ஒருவகை ஆறுதலையும் தந்தது என்பதை மறைப்பானேன்?

தந்தையார் 1892இல் காலமானபின், வேங்கடராமன் மதுரையிலே சிறிய தந்தையார் வீட்டில் வளர்ந்து, அமெரிக்க மிஷன் உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தார். அந்த மதுரை மிஷனுக்கும் நம் நாட்டுக்கும் உறவு உண்டு. 1816இல் யாழ்ப்பாணத்திற் காலூன்றிய அமெரிக்க மிஷனாரிமார் 1834இல் இங்கிருந்து சென்று தொடங்கியதே அது. சிறுவன் வேங்கடராமன் அப்பாடசாலைக்குப் பெருமை சேர்த்த மாணவன் என்று சொல்வதற்கில்லை. பந்தாட்டத்திலும் மற்போரிலுமே அவருக்கு நாட்டம். தூக்கமோ கும்பகர்ணத் தூக்கம். விழித்திருக்கும்போது அவரை எதிர்க்க அஞ்சிய தோழர்கள், தூங்கும்போது தூக்கிச்சென்று அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கிடத்துவார்களாம்!

இத்தகைய பையனுக்கு, 1896ஆம் ஆண்டு ஜூலை மாத நடுவிலே, சிறிய தந்தையார் வீட்டு மாடியறையில் தனித்திருந்தபோது, “சாகப் போகிறேன்” என்ற அச்சம் திடீரெனப் பற்றியது. உடம்பில் நோயொன்றும் இல்லை. வயது 16. அவர் அலறவில்லை, வைத்தியரை அழைக்கவுமில்லை. மரணம் வந்துவிட்டது, இறப்பது எது என்று பார்த்துவிடுவோமெனக் கீழே படுத்தார். கைகால்களைப் பிணம்போல் விறைக்க வைத்தார். மூச்சையடக்கி உதடுகளை இறுக மூடினார். இவ்வுடம்பு சுடுகாடு போய்ச் சாம்பலாகும். அதனோடு நானும் அழிவேனோ என்று உள்நோக்கினார். உடம்பு சடமாய்க் கிடக்கவும் ‘நான்’ என்னும் உணர்வு அதனின் வேறாய் விளங்குவதைக் கண்டார். அன்று போன மரணபயம் பின் அவரை அணுகவேயில்லை.

வரலாற்று மாணவர் ஈண்டு ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அப்போது அவர் வேதாந்த நூல் எதையும் கற்றிருக்கவில்லை. பெரியபுராணம், பாடசாலையிற் கேட்ட பைபிள் பாடம், தேவாரத்திலும் தாயுமானவரிலும் சில பகுதிகள். அவரது சமயக் கல்வி அவ்வளவே. பிரமம், சமுசாரம் என்னும் சொற்களின் பொருளைத் திருவண்ணாமலைக்குப் போய்ச் சில காலஞ் சென்ற பின்னரே நூல்கள் வாயிலாக அறிந்தார். ஆகவே இங்கே அனுபவம் முந்தியது, சாஸ்திரம் பிந்தியது.

ஆகஸ்டு 29ஆந் திகதி, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணத்தை மும்முறை எழுதும் தண்டனையைப் பாதியில் நிறுத்திக் கண்மூடியிருந்தவரைத் தமையனார் கடிந்தார். அன்றே அவர் வீட்டைத் துறந்தார். தமையனாரின் கல்லூரிச் சம்பளப் பணமான 5 ரூபாவில் 3 ரூபாவை எடுத்துக்கொண்டு, மிகுதியை ஒரு கடிதத்தோடு வைத்தார். அக்கடிதம் ‘நான்’ என்று தொடங்குகிறது. இடையில் எழுதுபவர் ‘இது’ ஆகிவிடுகிறார். முடிவில் கையொப்பமே இல்லை. செப்டெம்பர் 1ஆந் திகதி அண்ணாமலையார் சந்நிதியை அடைந்தார். 1897 ஜனவரியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலே வேதாந்தத்தை முழங்கியபோது, அவ்விளைஞர் அங்கே வாய்திறவாது அமர்ந்திருந்தார்.

1902ஆம் ஆண்டளவில், தத்துவக் கல்வி கற்ற சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் உத்தியோகத்தர் விரூபாட்ச குகைக்கு வந்து “நான் யார்?” என்று வினவினார். மௌனத்திலிருந்த சுவாமிக்கு அப்பொழுது வயது 22. ஏறக்குறைய என் வயது! விடைகளை எழுதிக் காட்டினார். அவை 1923இல் அச்சேறின; பின்னர் சுவாமியே அவற்றைக் கட்டுரையாக ஆக்கினார். உடலும் பொறிகளும் பிராணனும் மனமும் ‘நான்’ அல்ல என்று ஒவ்வொன்றாக விலக்கும் நீண்ட பட்டியல் அந்நூலின் முகப்பிலே உண்டு. அவ்விரிவு தாம் கொடுத்ததன்று, சாஸ்திரப் பழக்கத்தால் பிள்ளையவர்கள் சேர்த்தது என்று சுவாமி பிற்காலத்திற் சொன்னார். விலக்கிக்கொண்டே போவது அவர் காட்டிய வழியன்று. எந்த எண்ணம் எழினும் “இது யாருக்கு?” என்று கேட்டு, ‘எனக்கு’ என்று வரும்போது அந்த ‘நான்’ எங்கிருந்து எழுகிறதென்று பற்றிப்பிடிப்பதே அவர் காட்டிய வழி.

இந்நூலை நான் வீட்டில் வாசித்தபொழுது, கந்தபுராணப் படிப்பிலே பயன்சொல்லிப் பழகிய என் அம்மப்பா கேட்டார்: “தம்பி, உலகம் பொய்யெண்டால் சோதினைக்கு ஏன் இரவிரவாய்ப் படிக்கிறாய்?” பகிடிதான், ஆனால் பின்னால் பெரிய மரபொன்று நிற்கிறது. நமது சித்தாந்தத்திலே மாயை பொய்த்தோற்றமன்று. உலகுக்கு முதற்காரணமாகிய உள்பொருள். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்திலே மாயாவாதத்தை எடுத்து மறுத்திருக்கிறார். கயிற்றிலே பாம்பைக் காண்பதுபோல ஆன்மாவில் உலகம் தோன்றுகிறது, பாம்பென்ற எண்ணம் போனாலன்றிக் கயிறு தெரியாது என்று “நான் யார்?” கூறும்போது, சைவப் பிள்ளை திகைப்பது நியாயமே.

நானும் பலநாள் திகைத்தேன். ஆனால் 1928இல் இயற்றிய உள்ளது நாற்பதிலே மகரிஷிகள் வேறொரு வாயிலைத் திறக்கிறார். உலகம் மெய்யா பொய்யா, அறிவா சடமா என்று வாதாடுவதாற் பயனென்ன, வாதாடும் ‘நானை’ முதலில் ஆராய்க என்பது அவர் கருத்து. ஞானிக்கும் உலகம் உண்மைதான். உருவங்களின் அளவிலே அன்று, அவற்றுக்கு ஆதாரமாகிய பொருளின் அளவிலே என்றும் சொல்கிறார். சினிமாப் படத்தில் நெருப்பெரிந்தால் திரை வேகாது, வெள்ளம் பெருகினால் திரை நனையாது. திரையில்லாமற் படமும் இல்லை. இந்த உவமையை அவர் அடிக்கடி எடுத்தாள்வார். இதனைச் சித்தாந்தத்தோடு ஒன்றென்று மழுப்புவது நேர்மையன்று. உயிருக்கும் சிவத்துக்கும் உள்ள உறவிலே வேறுபாடு நிற்கவே நிற்கிறது. ஆனால் உலகைக் கைவிட்டு ஓடச்சொல்லும் மதமென்று இதனை இகழ்வதும் நேர்மையன்று.

அவர் வாழ்ந்ததைப் பாருங்கள். விடியுமுன் ஆச்சிரமச் சமையற்கட்டிலே காய்கறி நறுக்கினார், அச்சுப்படிகளைத் திருத்தினார், பத்திரிகை வாசித்தார். 1924 ஜூன் 26ஆந் திகதி இரவு திருடர் புகுந்து அவரையும் அடித்தபோது, திருப்பியடிக்கப் புறப்பட்ட அன்பரைத் தடுத்தார். அவர்கள் தொழிலை அவர்கள் செய்கிறார்கள், நம் தருமத்தை நாம் விடலாகாது என்பது அவர் நிலை. பைபிளையும் அவர் மறக்கவில்லை. மோசே இறைவனின் பெயரைக் கேட்க, இறைவன் தன் இருப்பையே விடையாகச் சொன்ன இடத்தை வேதாந்தத்தின் சாரமென்று பாராட்டுவார். வேதபாட வகுப்பில் நான் மனப்பாடஞ்செய்து புள்ளி வாங்கி, பின் மறந்துபோன இடம் அது!

அம்மப்பா இன்றும் சம்மதிக்கவில்லை. ஆயினும் சென்ற திருவெம்பாவைக் காலத்தில் ஒருநாள், கோயிலால் வந்து விறாந்தையில் இருந்தவர், “உந்தச் சின்னப் புத்தகத்தை ஒருக்கால் தா, பாப்பம்” என்று வாங்கினார். இன்னும் திருப்பித் தரவில்லை.